தேஹு ரோட்டில் ஒரு கடற்கரை

மத்திய அரசு ஊழியருக்கு மாற்றல் உத்தரவு வருவது வேறு, அவரை விடுவிப்பது வேறு. உத்தரவு டில்லியிலிருந்து வரும். அதில் கையெழுத்து, முத்திரை, நகல் பெறுவோர் பட்டியல் எல்லாம் ஒழுங்காக இருக்கும். விடுவிக்கும் கடிதம் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வர வேண்டும். டில்லி ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். பக்கத்து அறை பன்னிரண்டு அடி. இரண்டில் எது தூரம் என்று பக்தவத்சலத்தைக் கேட்டால் சொல்வார்.

புனே பக்கத்துத் தேஹு ரோடு ரயில் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம் போனால் 'தற்காலிகக் கட்டுமான மதிப்பீட்டு இயக்ககம்' என்ற பலகை தெரியும். அரசுத் துறைகள் வாங்க நினைக்கும் கூடாரம், கொட்டகை, தகர அறை முதலியவை தாங்குமா என்று சோதித்துச் சொல்வது இதன் வேலை. இயக்ககம் இருந்ததோ இரண்டடி கனத்துக்குக் கருங்கல் சுவர் வைத்த கட்டடத்தில். தங்கள் சோதனைகளின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவு.

பக்தவத்சலம் அங்கே மேல்நிலை எழுத்தர். சொந்த ஊர் திருவொற்றியூர். மனைவி வனஜா அங்கே அரசுப் பள்ளி ஆசிரியை, தமிழ்நாட்டு வேலையைத் தூக்கிக்கொண்டு மகாராஷ்டிரம் வர வழியில்லை. மகள் மீனுவுக்கு மூன்று வயது. கணவனும் மனைவியும் ஒரே ஊரில் இருக்கலாம் என்று பெரிய மனது வைத்து அரசாங்கம் போட்டிருந்த ஒரு விதியின் கீழ், 1996 ஜூனில் அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. பிரிவில் எல்லோருக்கும் பேடா கொடுத்தார். வனஜா வீட்டுக்காரரிடம் பேசி மாடியில் இன்னொரு அறையும் எடுத்துவிட்டாள்.

அதே வாரம், ரஞ்சன்காவ் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஒரு டிரெய்லர் வந்து, வளாகத்தில் ஒரு பெட்டியை இறக்கிவிட்டுப் போயிற்று.

இருபதடி நீளம், எட்டடி அகலம். இரண்டு தகரத் தகடுகளுக்கு நடுவே உள்ளங்கை கனத்துக்கு மஞ்சள் ஃபோம் அடைத்த சுவர். ரப்பர் பட்டை வைத்த ஒரு கதவு, திறக்க முடியாத ஒரு ஜன்னல். இப்படிப்பட்ட பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தால் அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எது வேண்டுமானாலும் இரண்டே நாளில் தயார் என்றார்கள். முழுப் பெயர், 'வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோரப் பகுதிகளுக்கான வெப்பத்தடுப்பு கன்டெய்னர் அறை'. ஊழியர்கள் டப்பா என்றார்கள். ஏசி வைக்கச் சுவரில் ஓட்டை இருந்தது. டப்பா சோதனையில் தேறினால்தான் ஏசி வாங்க அனுமதி என்பதால், அந்த ஓட்டையை ஒட்டுப்பலகை வைத்து அடைத்திருந்தார்கள்.

தேறினால் டப்பா சென்னைக் கடலோரத்துக்குப் போகும். தேறுமா என்று பார்க்க வேண்டிய இடம் புனே. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் அடி மேலே, நடுவில் ஒரு மலைத்தொடர் வேறு. இது யாருக்கும் உறுத்தவில்லை.

சோதனைப் படிவத்தைத் தட்டச்சு செய்யும் வேலை பக்தவத்சலத்துக்கு வந்தது. ஏழாவது கட்டத்தில், 'அறையினுள் அமரும் மாதிரி நபர். கடலோரத்தில் பிறந்தவராயிருத்தல் நலம்' என்று இருந்தது.

"ஜெபமணி சார், இதுல யார் பேரைப் போடறது?"

தலைமை எழுத்தர் ஜெபமணி திருநெல்வேலிக்காரர். இருபத்தெட்டு வருட அனுபவம். "காலியா மட்டும் விட்றாதீரும் வே. டில்லிக்காரன் அப்படியே திருப்பி அனுப்பிருவான். உம்ம பேரையே போடும். பத்து நாள் சமாச்சாரம், சும்மா பேருக்குத்தான்."

காலியாக ஒரு கட்டம் இருந்தால் நல்ல எழுத்தருக்குச் சோறு இறங்காது. பக்தவத்சலம் நல்ல எழுத்தர். தன் பெயரை, பிறந்த ஊரை, பிறந்த தேதியை ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கையெழுத்துக்கு வைத்தார். இயக்குநர் கையெழுத்துப் போட்டார். அன்று முடிந்தது கதை. அதாவது அன்று ஆரம்பித்தது.

பத்து நாள் கழித்து, விடுவிக்கும் கடிதம் கேட்டு இயக்குநர் கர்னல் நிம்பாள்கர் முன் போய் நின்றார். நிம்பாள்கர் இங்கிலீஷில் தொடங்கி ஹிந்தியில் முடிப்பவர். நான் இரண்டையும் தமிழில் தருகிறேன், அதனால் அவர் சொன்னது எதுவும் கெட்டுவிடவில்லை.

"உங்களை விடுவிப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, பக்தவத்சலம். ஆனால் நீங்கள் இப்போது ஊழியர் இல்லை. மாதிரி. ஊழியரை மாற்றலாம். மாதிரியை நடுவில் மாற்றினால் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். சோதனை முடிந்த அன்றைக்கே உங்களை விடுவிக்கிறேன். இது ஒரு ராணுவ வீரனின் வாக்கு."

வாக்கில் குறை சொல்ல முடியாது. சோதனையில்தான் சிக்கல். அறைக்கு வெளியே நாற்பது டிகிரி வெப்பமும் எண்பத்தைந்து சதவீத ஈரப்பதமும் சேர்ந்தாற்போல் ஏழு நாள் இருக்க வேண்டும். அப்போது அறைக்கு உள்ளே இருபத்தாறு டிகிரியும் ஐம்பது சதவீதமும் இருந்தால் டப்பா தேறியது.

புனேயில் மே மாதம் நாற்பது டிகிரி அடிக்கும். ஆனால் அப்போது காற்று அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கும். ஜூலையில் ஈரம் சொட்டும், உள்பனியன் ஒரு வாரம் காயாது, ஆனால் ஊரே ஸ்வெட்டர் தேடும். இரண்டும் சேர்ந்து ஒரு நாளும் வராது. இது புனேயில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். இணை இயக்குநர் டாக்டர் பேந்த்சேவுக்குத் தெரிய இரண்டு வருடம் பிடித்தது. ஏனென்றால் அவர் விஞ்ஞானி, அளந்து பார்த்தார்.

அளந்ததோடு விடவில்லை. மே மாதத்து வெப்பத்தையும் ஜூலை மாதத்து ஈரத்தையும் ஒரே தாளில் எழுதி, நிபந்தனை நிறைவேறியது என்று டில்லிக்கு அனுப்பினார். எந்த மாதம் என்று டில்லி கேட்டது. 'மே-ஜூலை' என்று பதில் போனது. அப்படி ஒரு மாதம் அரசு நாள்காட்டியில் இல்லை என்று கோப்பு திரும்பி வந்தது. டில்லியில் ஒருவருக்காவது மாதங்கள் தெரிந்திருந்தது பக்தவத்சலத்தின் துரதிர்ஷ்டம்.

இதற்கெல்லாம் நடுவில் மாதிரி தினமும் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை டப்பாவுக்குள் உட்கார்ந்திருந்தது. மேசை, நாற்காலி, அலமாரி, தட்டச்சு இயந்திரம் எல்லாம் உள்ளே போயின. வெளி வெப்பத்தை உள்ளே விடாத சுவர், உள்ளே இருக்கிற மனிதனின் சூட்டையும் வெளியே விடாது என்பதை அந்த வளாகத்தில் அவர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். கதவைத் திறந்தால் சோதனை கெட்டுவிடும் என்று சுற்றறிக்கை இருந்தது. மதியம் கழற்றிய சட்டையை அவர் ஜன்னலோரம் பிழிந்து போடுவார்.

1998இல், 'இயற்கை ஒத்துழைக்க மறுப்பதால்' என்று ஆரம்பித்து இன்னொரு சுற்றறிக்கை வந்தது. இயக்ககமே கடற்கரையை ஏற்பாடு செய்யும் என்றது.

இந்திராயணி ஆற்று மணல் நாலு லாரி வந்து டப்பாவைச் சுற்றிக் கொட்டப்பட்டது. பிம்ப்ரி மார்க்கெட்டிலிருந்து கல்லுப்பு மூட்டைகள் வந்தன. தண்ணீர் லாரி ஓட்டுகிற ஆம்பூர் இஸ்மாயில் தினமும் இரண்டு நடை தண்ணீர் கொண்டுவந்து உப்பைக் கலந்து நாலு பக்கமும் பீய்ச்ச வேண்டும். மேற்கே ஒரு கம்பம் நட்டு, 'கடல்' என்று இங்கிலீஷ், ஹிந்தி, மராட்டி மூன்றிலும் எழுதிய பலகையை மாட்டினார்கள்.

"பத்து வருசமா ஜனங்களுக்குக் குடிக்கத் தண்ணி ஊத்தினேன், பாய்" என்றார் இஸ்மாயில் பக்தவத்சலத்திடம், குழாயைப் பிடித்துக்கொண்டு. "இப்ப கடலுக்கு ஊத்தறேன். அல்லாவே ஊத்தின கடலு அங்க சும்மா கிடக்கு."

கடல் என்று எழுதிவிட்டால் அதற்குரிய பாதுகாப்பு வேண்டுமல்லவா? பாதுகாப்புப் பிரிவு ஒரு மிதவை வளையத்தை டப்பாவின் கதவில் தொங்கவிட்டது. 'நீந்தக் கூடாது' என்று பலகை வந்தது. கடலருகே பணிபுரிபவர் மாதக் கடைசியில் ஒரு சான்று தர வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் யாரோ தேடிக் கண்டுபிடித்தார்கள். 'இந்த மாதத்தில் நான் நீரில் மூழ்கவில்லை என உறுதியளிக்கிறேன்' என்று மாதாமாதம் பக்தவத்சலம் எழுதிக் கையெழுத்திட்டார். ஒரு மார்ச் மாதம் மறந்துவிட்டார். 'மார்ச் மாதத்தில் தாங்கள் மூழ்கினீர்களா என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்' என்று மெமோ வந்தது. இல்லை என்று பணிவுடன் எழுதினார். விளக்கம் எச்சரிக்கையுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இரண்டு வருடத்தில் அந்தக் கடற்கரை, காற்றின் ஈரப்பதத்தைப் பதினெட்டிலிருந்து முப்பத்தொன்றுக்கு, அதுவும் ஒரு மணி நேரத்துக்கு, உயர்த்தியது. சுற்றியிருந்த வேப்ப மரங்கள் நான்கும் உப்பில் பட்டுப்போயின. கடற்கரைத் தோற்றம் கூடியிருப்பதாகப் பேந்த்சே அறிக்கையில் எழுதினார்.

2000 மே மாதம் பள்ளி விடுமுறையில் வனஜா, மீனுவை அழைத்துக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டாள். டப்பாவைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். ஆறு வயதில் விட்டால் ஏழு வயதில் பார்ப்பது என்றிருந்த குழந்தை, அப்பாவை விட்டு நகர மாட்டேன் என்றது. ஆனால் படிவத்தில் மாதிரி ஒருவர் என்றுதான் இருக்கிறது. மனைவி மக்கள் உள்ளே போனால் இரண்டரைப் பேர் ஆகிவிடும் என்று பேந்த்சே வருத்தத்தோடு மறுத்துவிட்டார்.

ஆகவே அவர்கள் வெளியே மணலில் நின்றார்கள். அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். கனமான சுவர், குரல் கேட்காது. மீனு ஜன்னல் கண்ணாடியில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். அவள் என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு அழுகை வந்தது. வேர்வையோடு வேர்வையாக அதையும் துடைத்துக்கொண்டார்.

ஐந்தரைக்கு வெளியே வந்ததும் குழந்தை அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கம்பத்தடிக்குப் போனாள். பலகையில் இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கடல்னு போட்டிருக்காங்க. எங்கப்பா கடல்?"

"இனிமேத்தாம்மா வரணும்."

"எங்க ஊர்ல வந்தே இருக்கே. நீயும் டப்பாவும் அங்க வந்துடலாம்ல?"

வனஜா மணலைப் பார்த்தாள், மிதவை வளையத்தைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். "உங்களுக்குக் கத்தவே தெரியாதாங்க? ஒரே ஒரு தடவை அந்த ஆள் முன்னாடி போய் நல்லாக் கத்திட்டு வாங்க."

"கத்தினா மாதிரி கெட்டுப்போச்சுன்னு முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க, வனஜா."

அவள் மீனுவின் காலில் ஒட்டிய உப்பு மணலைத் தட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

பக்தவத்சலம் கத்தவில்லை. ஆனால் மீனு சொன்னதை மூன்று பத்திகளில், மேற்கோள் எண்களுடன், தொழில்நுட்ப யோசனையாக எழுதி அனுப்பினார். யோசனை தந்தவரின் வயதை மட்டும் குறிப்பிடவில்லை. நிம்பாள்கர் கூப்பிட்டனுப்பினார்.

"யோசனை நன்றாக இருக்கிறது. ஆபத்தே அதுதான்" என்றார். "சோதிக்காத பெட்டியைக் கடலோரத்துக்கு அனுப்புகிறேன் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அது தாங்காவிட்டால் பொறுப்பு யார்? நான். தாங்கிவிட்டால் இன்னும் மோசம். இந்த இயக்ககம் எதற்கு என்று கேட்பார்கள். முப்பத்தைந்து வருடத்தில் நாங்கள் அங்கீகரித்த ஒரு கட்டடம் கூட இடிந்ததில்லை, தெரியுமா? இதுவரை நாங்கள் எதையும் அங்கீகரித்ததில்லை. அந்தப் பெயரை நான் காப்பாற்ற வேண்டாமா?"

காப்பாற்றத்தான் வேண்டும் என்று பக்தவத்சலம் சொல்லிவிட்டு வந்தார். வேறு என்ன சொல்வது?

அடுத்த வருடம் கம்ப்யூட்டர்கள் வந்தன. கருங்கல் கட்டடத்தில் தூசி என்பதால் கம்ப்யூட்டர், பிரிண்டர், ஆளுயர பேட்டரிப் பெட்டி எல்லாவற்றையும் டப்பாவுக்குள் வைத்தார்கள். பேட்டரிப் பெட்டி நாள் முழுக்க அடுப்பாகக் காய்ந்தது. அலமாரிக் கோப்புகளில் காளான் முளைத்தது.

2002 அக்டோபரில் பேந்த்சே ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. போவதற்குள் சோதனை அறையில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டு, கையில் அளவுமானியுடன் டப்பாவுக்குள் நுழைந்தார். ஆறு வருடத்தில் அவர் உள்ளே வருவது அதுதான் முதல் தடவை. வெளியே நிபந்தனை நிறைவேறிய பிறகுதான் உள்ளே அளக்க வேண்டும் என்று விதி, அதனால் யாரும் உள்ளே அளந்ததில்லை. நுழைந்ததும் அவர் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது. துடைத்துவிட்டு அளவுமானியைப் பார்த்தார். நாற்பத்தொரு டிகிரி. எண்பத்தெட்டு சதவீதம்.

"பக்தவத்சலம்!" என்றார் தழுதழுத்து. "இதைத்தானய்யா ஆறு வருடமாகத் தேடுகிறேன்."

"அப்போ டப்பா தேறலைன்னு அர்த்தமா சார்?" என்று எழுந்துவிட்டார் பக்தவத்சலம். தேறினால் என்ன, தேறாவிட்டால் என்ன, சோதனை முடிந்தால் போதும் அவருக்கு.

பேந்த்சே வெளியே ஓடிப்போய் அங்கேயும் அளந்தார். அருமையான புனே அக்டோபர் காலை. இருபத்தாறு டிகிரி, ஐம்பது சதவீதம். ஏழு நாள் அப்படியே நீடித்தது. எண்கள் எல்லாம் படிவத்தில் கேட்டபடி கச்சிதம். இடம் மட்டும் மாறிக் கிடந்தது.

கமிட்டி கூடியது. நிம்பாள்கர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் பேசினார். "உள்ளே என்றால் எது, வெளியே என்றால் எது என்று இந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. இல்லாத இடத்தில் இயக்குநரின் முடிவே இறுதி, பிரிவு பதினான்கு. நான் பார்த்த அளவில், நாம் இப்போது உட்கார்ந்திருப்பது உள்ளே. பக்தவத்சலம் இருக்கும் இடம்தான் வெளியே."

யாரும் மறுக்கவில்லை. டப்பா தேறியது.

விழா எடுத்தார்கள். ரிப்பன் கதவின் உட்புறம் கட்டப்பட்டிருந்ததால் இயக்குநர் உள்ளே போய், அதாவது வெளியே போய், அதை வெட்டிக்கொண்டு திரும்பினார். பிறகு மணலில் நின்று முழங்கினார்: "மற்ற நாடுகளின் கன்டெய்னர்கள் தங்களுக்குள்ளே மட்டும்தான் குளிர்ச்சி தரும். நம்முடைய அறை தன்னைச் சுற்றி தேஹு ரோடு முழுவதையும் இருபத்தாறு டிகிரியில் வைத்திருக்கிறது. அதுவும் ஏசி இல்லாமல்!" எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோரையும் விட அதிகமாகத் தட்டியவர் பக்தவத்சலம்.

டப்பாவைச் சென்னைக்கு விடுவிக்கும் கடிதத்தை அவர்தான் அடித்தார். மறுநாள் காலை டிரெய்லர் வந்து அதை ஏற்றிக்கொண்டு போயிற்று. நிம்பாள்கரும் தன் வாக்கைக் காப்பாற்றினார். அன்று மாலைக்குள் பக்தவத்சலத்தை விடுவிக்கும் கடிதம் கையெழுத்தாகிவிட்டது. ஜெபமணிதான் கொண்டுவந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"படிச்சுப் பாரும் வே."

'சோதனை அறிக்கையின்படி திரு. பக்தவத்சலம் 1996 ஜூன் முதல் 2002 அக்டோபர் வரை, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோரச் சூழலில் தொடர்ந்து பணியாற்றியுள்ளார். எனவே அவரது கடலோர மாற்றல் உத்தரவு முழுமையாக நிறைவேறியதாகக் கருதப்படுகிறது. கடலோரப் பணிக்காலம் நான்கு வருடத்தைத் தாண்டக் கூடாது என்பதால், அவர் இன்று பிற்பகல் கடலோரத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, உள்நாட்டு நிலையமான தேஹு ரோட்டில் பணியில் சேர உத்தரவிடப்படுகிறார்.'

பக்தவத்சலம் இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"ஆறு வருடம் கடலோரத்தில் கஷ்டப்பட்டுவிட்டீர்கள்" என்றார் நிம்பாள்கர் கனிவாக. "இனி கொஞ்ச காலம் உள்நாட்டில் ஓய்வாக இருங்கள். பத்து வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம், விதி இடம் தருகிறது."

"சார், நான் இங்கேயேதானே சார் இருந்தேன்!" குரல் உயர்ந்துவிட்டது. அவர் கத்தியது அந்த ஒரு முறைதான்.

"அப்படியா? அறிக்கை பொய் என்று எழுதிக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். டப்பாவைத் திருப்பி வரவழைத்து, சோதனையை முதலிலிருந்து தொடங்கலாம். மாதிரி நபர் இடத்தில் உங்கள் பெயர் ஏற்கெனவே இருக்கிறது."

பக்தவத்சலம் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. மணலைக் கடந்து நாற்பது அடி நடந்து, கருங்கல் கட்டடத்தில் பணியில் சேர்ந்ததாகக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் திருவொற்றியூர் எண்ணைச் சுழற்றினார். மீனுதான் எடுத்தாள். அவளுக்கு இப்போது ஒன்பது வயது.

"அப்பா! சோதனை முடிஞ்சுதுன்னு சொன்னியே, உத்தரவு வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"கடற்கரைக்குத்தானே?"

"ஆமாம்மா" என்றார். குழந்தையிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை, அதனால் காகிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னார். "ஆறு வருஷமா அங்கதான் இருந்தேனாம். இருந்துட்டுத் திரும்பிட்டேனாம்."

அந்தப் பக்கம் அவள் ஒன்று, இரண்டு என்று வருடங்களை எண்ணுவது கேட்டது.

"எப்பப்பா?" என்றாள் மீனு. "நான் உன்னைப் பார்க்கவேயில்லையே."